சாலி மாமா விற்காமல் கொண்டுவந்த கல்

என் மாமனார் சாலி இரத்தினபுரியில் கல் வியாபாரி. 1928இல் ஒரு நீலக்கல்லை விற்க ஜெர்மனிக்குப் போய், விற்காமலே திரும்பி வந்தவர். இந்தக் கதையை அவர் சொன்னதைவிட என் மாமி ஸுபைதா சொன்னதுதான் அதிகம். மாமி சொல்லும்போது அதில் கொஞ்சம் சூடு இருக்கும்.

கல் நிவித்திகலவில், தேயிலைத் தோட்டத்து ஓரத்து மாணிக்கக் குழியில் கிடைத்தது. குழி மாமாவுக்கும் அவருடைய அண்ணன் ஜமால்தீன் நானாவுக்கும் பாதிப் பாதி. கொழும்பிலேயே விற்போம் என்றார் ஜமால்தீன். மாமாவோ, ஜெர்மனியில் கல் பட்டை தீட்டுகிற ஊர் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து கொழும்புக்கு வந்துபோகிற வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும், அங்கே கொண்டுபோனால்தான் இதன் மதிப்புத் தெரியும் என்றார். வாய்ப்பேச்சு தடித்தது. கடைசியில் ஜமால்தீன் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"அந்தக் கல்ல எடுத்துட்டுக் கப்பல் ஏறினா, எனக்குத் தம்பி ஒருத்தன் இல்லன்டு நெனச்சிக்கொள்ளுவன்."

மாமா கப்பல் ஏறினார். பிடிவாதத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.

அந்த ஜெர்மன் ஊரில் மனிதர்கள் நீளப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஆற்றுத் தண்ணீரில் சுழலும் பெரிய சாணைக்கல்லில் கல் தீட்டுவார்களாம். திரும்பி வந்து மாமா இதைச் சொன்னபோது இரத்தினபுரியில் ஒருவரும் நம்பவில்லை. மாமாவுக்குத் தெரிந்த அந்த வெள்ளைக்கார வியாபாரி கல்லைப் பார்த்தார், அவருக்குப் பிடித்துவிட்டது. விலை பேசலாமா என்று கையை நீட்டினார். மாமா ஊர்ப் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை விரித்து அந்தக் கைமேல் போட்டு மூடி, அடியில் அவருடைய விரல்களைப் பிடித்து அமுக்கினார். எங்கள் ஊரில் விலை பேசுவது அப்படித்தான். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை என்று இருவருக்கு மட்டும் தெரியும், சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. துரையோ ஏதோ வித்தை காட்டப்போகிறார் என்று லேஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு இருவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் பேசி முடித்தார்கள். நல்ல விலை. அன்று சனிக்கிழமை. மறுநாள் எல்லாம் பூட்டு, திங்கள் காலையில் கை மாற்றுவோம் என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க வேண்டாமென்று துரை ஊர் காட்ட அழைத்துப் போனார். மலை உச்சியில் பழைய கோட்டை. எரிந்துபோய்க் கூரையில்லாமல் கிடந்தது. இடிந்த வீட்டைப் பார்க்க இவ்வளவு படி ஏறவேண்டுமா என்று மாமாவுக்கு எரிச்சல். கீழே இறங்கும் வழியில், செங்குத்துப் பாறையின் நடுவில், பாறையைக் குடைந்து ஒட்டவைத்த மாதிரி ஒரு தேவாலயம். துரை வாசலில் தொப்பியைக் கழற்றினார். மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தொப்பியோடு உள்ளே போனார். காவல்காரர் இருவரின் தலையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாராம். உள்ளே பாறையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கால் விறைத்துப்போனது.

அங்கேதான் துரை கதை சொன்னார். அந்தக் கோட்டையில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்களாம். ஏதோ சண்டையில் மூத்தவன் இளையவனை ஜன்னலால் கீழே தள்ளிவிட்டான். பிறகு தம்பி செத்த இடத்தில், அந்த அண்ணனே தன் கையால் பாறையைக் குடைந்து இந்தத் தேவாலயத்தைக் கட்டினானாம்.

துரை இதை வருகிற எல்லோருக்கும் சொல்வார்போல. சொல்லிவிட்டு தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னலைக் காட்டப் போய்விட்டார். மாமாவுக்கு அங்கிருந்து நகர முடியவில்லை. எங்கள் ஊரில் பங்காளி பக்கத்தில் இல்லாமல் கல்லை விற்கமாட்டார்கள். இடுப்பு வாரில் இருந்த கல் அப்போதுதான் கனத்தது என்று பின்னாளில் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் கல்லைக் கொடுக்கவில்லை. நானா இல்லாமல் விற்க முடியாது என்றார். இதைக் கப்பல் ஏறுமுன் யோசித்திருக்கக்கூடாதா என்று துரை கேட்டாராம். மாமியும் அதையே கேட்டார். கோட்டை பார்க்கவும் வேதக்கோயில் பார்க்கவுமா இவ்வளவு தூரம் போனீங்க என்று, மாமா மவுத்தாகிக் கண்மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இரத்தினபுரி ஸ்டேஷனில் கோச்சியை விட்டு இறங்கியதும் மாமா நேரே ஜமால்தீன் கடைக்குப் போனார். தரகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜமால்தீன் நிமிரவில்லை. மாமா கல்லை அவர் முன்னால் வைத்தார். அதையும் பார்க்கவில்லை.

"நானா, நீங்க இல்லாம இத விக்க எனக்கு ஏலாமப் போச்சு" என்றார் மாமா.

மாமா லேஞ்சியை எடுத்து நானாவின் கைமேல் போட்டு, அடியில் தன் கையை விட்டார். தரகர்கள் கழுத்தை நீட்டினார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜமால்தீன் கையை எடுத்தார்.

"தேத்தண்ணி குடிச்சியா?" என்றார்.

கல்லைக் கொழும்பில்தான் விற்றார்கள். துரை சொன்ன விலை கிடைக்கவில்லை.

அன்று லேஞ்சிக்கடியில் என்ன விலை சொன்னீர்கள் என்று ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். அவர் தோளில் கிடந்த துவாயை என் கைமேல் போட்டார். நான் விரல்களை எண்ணத் தயாராக இருந்தேன். அவர் விரல் எதையும் பிடிக்கவில்லை. என் கையை முழுசாகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.