தவராணி அக்காவின் சீரகப் பாத்தி

அன்று காலை அக்கா வேலைக்கு வரவில்லை. அவர் வீடிருக்கும் கிளென் ஈடனிலிருந்து வரும் பேருந்து வழக்கம்போலக் காலை வாரிவிட்டது என்று நினைத்து, ஆய்வகத்தில் அவர் மேசையிலிருந்த இரத்த மாதிரிக் குழாய்களையும் நானே எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளையில், எங்கள் இருவருக்கும் பழக்கமான செந்தில் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, நம்ம தவராணி அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தத் தோட்டத்தையும் தெரியும். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஐரோப்பிய மடங்களில் என்ன வளர்த்தார்களோ, அதைத்தான் வாடகை வீட்டின் பின்புறம் வளர்ப்பேன் என்று நின்றவர். முதல் முறை போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் தெரியாத நாலைந்து கீரைகளுக்கு நடுவே வெந்தயம், சதகுப்பை, கொத்தமல்லி, புதினா, பூண்டு. "என்னக்கா, மடத்துத் தோட்டம்னு சொல்லிட்டு சான்ட்ரிங்ஹாம்ல இருக்கிற நம்மூர் மளிகைக் கடையை வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஓம் தம்பி. அந்தக் குளிருக்குள்ள வெந்தயம் அப்பவே போய் நிண்டிருக்கு. நான் என்ன புதுசாவே வந்தனான்?" என்றார்.

சீரகம் மட்டும் அவருக்கு வசப்படவே இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியப் பேரரசர் ஒருவர் தம் பண்ணைகளில் சீரகமும் வேண்டும் என்று ஆணையிட்டிருந்தாராம். அந்த ஐரோப்பியக் குளிரில் அது எங்கே விளையப்போகிறது? ஆக்லாந்து மழையிலும் ஒவ்வோர் ஆண்டும் முளையிலேயே அழுகியது. விட்டுத் தொலையுங்களேன் என்றேன். "வராது எண்டு அவையளுக்கும் தெரிஞ்சிருக்கும். எண்டாலும் விதைச்சிருப்பினம். நானும் விதைக்கிறன்."

முற்றிய செடியை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். வெங்காயக் குடும்பத்து லீக்ஸும் பார்ஸ்லியும் பூத்து, மஞ்சளாகி, தலைசாய்ந்து காய்ந்து நிற்கும். பார்த்தால் பராமரிப்பில்லாத காடுதான். "செத்த மாதிரித்தான் கிடக்கும். விதை அதுக்குள்ளதான் இருக்கு, கை வச்சிடாதேங்கோ" என்பார். அந்தப் பழைய வகை விதைகளை அவருக்குக் கொடுத்த முதிய தோட்டக்காரர்களில் பலர் இப்போது இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கலாம் என்றால் நியூசிலாந்து விமான நிலையத்தில் விதைகளை உள்ளே விடமாட்டார்கள். கையிலிருந்ததை முழுவதும் இந்த ஆண்டு விதைத்திருந்தார். ஆக, எல்லாமே அந்தக் காய்ந்த தலைகளில்தான் இருந்தது.

டொரண்டோவிலிருந்து வந்த அவருடைய தம்பியை அழைத்துவர நான் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பின்புறத் தோட்டம் மழித்த தலையாகக் கிடந்தது. வியர்வையும் மண்ணுமாகச் செந்தில் நின்றார். "துக்க வீட்டுக்கு நாலு பேர் வருவாங்க. பின்னாடி எல்லாம் காஞ்சு காடா கிடந்துச்சு. அதான் வேரோட எடுத்து டிரெய்லர்ல குப்பைக் கிடங்குக்கு அனுப்பிட்டோம். கொத்தமல்லியை மட்டும் சட்னிக்கு எடுத்துக்கிட்டோம்ணே."

அவர் அழுதிருந்தது கண்களில் தெரிந்தது. அக்காவின் தம்பி வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு, "அக்கா வடிவா, துப்பரவாத்தான் வச்சிருந்திருக்கிறா" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கொடுமையான ஒரு பொய்யைச் சொன்னதில்லை.

குப்பைக் கிடங்குக்கு ஓடினேன். ஊர்ப்பட்ட புல்லும் கிளைகளும் மலையாகக் குவிந்திருக்க, அக்காவின் செடிகள் எவை என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறுதல் சொல்லி இதை முடிக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் போவதை எப்படியோ தாங்கிக்கொள்கிறோம். அவர் பொத்திப் பொத்திக் காத்ததை, அவர் மேல் பிரியம் வைத்தவர்களே கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். யார் மேல் கோபப்படுவது?

ஓரத்தில் ஒரு பாத்தி மட்டும் தப்பியிருந்தது. இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அவர் சீரகம் விதைத்த பாத்தி. பிடுங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டைக் காலி செய்வதற்குள் அந்த மேல்மண்ணை ஒரு தொட்டியில் அள்ளி, லின்ஃபீல்டில் என் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

வராது என்று தெரியும். தண்ணீர் ஊற்றுகிறேன்.