மீனம்மாவின் சிரிப்பு

பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்ததைப் பார்த்ததும் மீனம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

வந்துவிட்டதே சனியன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கிழமை முழுக்க மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர் பொங்கி வழியவேண்டிய நேரம் அது. காலையில் செம்மண் குழம்பாக வந்தது, இப்போது மத்தியானத்தில் சொட்டுக்கூட இல்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேயிலைக்குள் ஏறிப் பார்த்தாள். மலையைச் சுற்றி வெட்டிய கானில் புரண்டு வந்த வெள்ளம் ஓரிடத்தில் மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அங்கே தேயிலை நிரைக்குக் குறுக்கே நிலம் பிளந்திருந்தது. பக்கத்தில் கிடந்த கம்பை எடுத்து உள்ளே விட்டாள், அடி தட்டுப்படவில்லை. திரும்பிக் கீழே பார்த்தாள். பிளவுக்கு நேர் கீழே அவர்களுடைய வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. மழை நாள் ஆனதால் கூரைக்கடியில் எல்லாரும் இருந்தார்கள்.

அவளுடைய கன்னங்கள் இரண்டும் காதை நோக்கி இழுபட்டன. பல் தெரிந்தது. அப்படியே ஓடத் தொடங்கினாள்.

லிந்துலைக்கு மேலே சின்னக்கல் தோட்டத்தில் அந்தச் சிரிப்பை அறியாதவர்கள் இல்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் மீனம்மாவைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான். சந்தோஷம் வந்தால் அவள் சும்மா இருப்பாள். பயம் வந்தால் சிரிப்பாள். வாய்ப்பாடு தெரியாமல் எழுந்து நின்ற வயதில் வாத்தியார் பிரம்பைத் தூக்க, இவள் இளிக்க, அவர் அதற்கும் சேர்த்துப் போட, இவள் இன்னும் இளிக்க, வாத்தியாரின் கை வலிக்கும்வரை அந்த வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. கொழுந்து மலையில் கங்காணி ஏசும்போதும் அதே கதைதான். சிரிக்கிற பெண்ணை நம்பாதே என்ற பழமொழியைத் தோட்டத்தில் அவளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு தடவை அந்தச் சிரிப்பு அவளுக்கு நல்லது செய்தது. வட்டவளையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். கை நடுங்கத் தேத்தண்ணித் தட்டோடு வந்தவளின் முகம் விளக்கேற்றியதுபோல் இருந்ததாம். "என்னா லட்சணம்! புள்ளைக்கு மாப்பிள்ளையப் புடிச்சுப் போச்சு" என்று மாப்பிள்ளையின் தாய் அங்கேயே பேச்சை முடித்துவிட்டாள். கல்யாணம் ஆகி வெகுநாள் கழித்து மீனம்மா உண்மையைச் சொன்னாள். "அப்ப, என்னயப் பாத்துப் பயந்துதான் சிரிச்சியா?" என்று புருஷன் ஜெயகாந்தன் கேட்டான். அன்று அவன் சோறு தின்னவில்லை. இப்போது அவன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறான், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான்.

பக்கத்துக் காம்பரா லெட்சுமிதான் மன்னிக்கவே இல்லை. அவள் புருஷன் சிவசாமி மலையில் குளவி கொத்திச் செத்துப்போனான். வீங்கிக் கறுத்த முகத்தோடு அவனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் வந்து நின்ற மீனம்மா லெட்சுமியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வந்தது பேச்சில்லை, சிரிப்பு. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லெட்சுமி எழுந்து வந்து, "எம் புருசன் பொணம் ஒனக்குக் கூத்தா இருக்காடி?" என்று கேட்டு, எல்லார் முன்னாலும் அவளைத் தள்ளி வெளியே விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். ஒரு வீட்டுத் தாளிப்பு மறு வீட்டில் தும்மலாகும். அப்படியிருந்தும் வருஷக்கணக்காக ஒரு வார்த்தை இல்லை.

போன தீபாவளிக்குக் கண்டியில் தாதிப் பயிற்சியில் இருக்கும் மகள் நிலக்ஷி வந்திருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து தாய் தன் சிரிப்பைப் பற்றி அழுதபோது மகள் அதட்டினாள்.

"ஏம்மா அழுவுறீங்க? அது திமிரு இல்ல, அது ஒங்க ஒடம்பு. பயந்த கொரங்கு பல்லக் காட்டுமே, அது என்ன சிரிப்பா? சில பேருக்குப் பயம் வந்தா மொகம் அப்புடித்தான் இழுக்கும்."

"ஊருக்கு அது தெரியுமா?"

"ஊரு வாயத்தான் பாக்குது. வாய நாம நெனச்சா சிரிக்க வைக்கலாம். கண்ணச் சுத்தி இருக்கிற தசை லேசுல சொல்பேச்சுக் கேக்காது. நெசச் சிரிப்புன்னா கண்ணும் சேந்து சுருங்கும். கொரோனா நேரம் மாஸ்க் போட்டிருந்தப்ப ஒங்கள யாராச்சும் இளிக்கிறீங்கன்னு சொன்னாங்களா? வாய மறைச்சுட்டுக் கண்ண மட்டும் பாத்தா, யாருக்கும் வெளங்கும்மா."

சுவருக்கு அப்பால் தேங்காய் திருவும் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. மகள் பேசியதைக் கேட்கிற மும்முரத்தில் மீனம்மா அதைக் கவனிக்கவில்லை.

இப்போது அவள் வழுக்கி விழுந்து எழுந்து லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தாள். சேலையெல்லாம் சேறு. "மண்ணு சரியப் போவுது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினாள். கத்தலுக்கு நடுவே சிரிப்பு கெக்கெக்கென்று தெறித்தது. இஸ்தோப்புத் திண்ணையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏம்மா மீனம்மா, வெளையாடுற நேரமா இது?" என்றார் தோட்டத் தலைவர் முத்துலிங்கம்.

"சத்தியமா தலைவரே! மேல வெடிச்சுக் கெடக்கு. கான் தண்ணி பூராவும் உள்ள எறங்குது."

"சத்தியம் பண்றப்பவும் இளிப்பப் பாரு" என்றான் ஒருவன்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. போன கிழமைதான் மண்சரிவு எச்சரிக்கை என்று பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி, ஈரத் தரையில் படுக்கவைத்து, ஒன்றும் நடக்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்தால் கோழிகளைக் காணோம். "மொதல்ல சிரிப்ப முடிச்சிட்டுச் சொல்லும்மா. மழை விடட்டும், போய்ப் பாப்போம்" என்று முத்துலிங்கம் காயைச் சுண்டினார்.

மீனம்மா விரல்களால் தன் கன்னங்களைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அது இன்னும் கோமாளித்தனமாக இருந்தது, ஒரு சிறுமி கைகொட்டிச் சிரித்தாள். அழுது காட்டினாலாவது நம்புவார்களே என்று முயன்றாள். கண்ணீர் வரவில்லை. மேலே எங்கோ ஒரு வேர் அறுபடும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. இத்தனை உயிரும் தன் முகத்தால் சாகப் போகிறது என்று நினைத்தபோது, அந்த முகத்தைப் பிய்த்து எறிந்துவிடலாம் போலிருந்தது.

போக வேறு வாசல் இல்லை. லெட்சுமியின் வாசலுக்கு ஓடினாள்.

லெட்சுமி பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "மதினி... மதினி..." என்றாள் மீனம்மா. மேலே பேச முடியவில்லை, பல்லெல்லாம் தெரிய நின்றாள். பிணத்துக்கு முன்னால் நின்ற அதே முகம். லெட்சுமியின் கண் சிவந்தது. வேகமாக எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், மீனம்மாவும் நினைத்தாள்.

சோற்றுக் கையோடு மீனம்மாவின் வாயைப் பொத்தினாள் லெட்சுமி. பொத்திக்கொண்டு கண்ணைப் பார்த்தாள். விழியைச் சுற்றி வெள்ளை தெரிந்தது. இமை அடிக்கவில்லை. அந்தக் கண்ணில் சிரிப்பு கொஞ்சங்கூட இல்லை.

"எந்திரிங்கடா!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "இவ சிரிக்கல! பயத்துல செத்துக்கிட்டு நிக்கிறா! ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க!"

மீனம்மா சொன்னால் விளையாட்டு. மீனம்மாவுக்காக லெட்சுமி வாய் திறந்தாள் என்றால் அது விளையாட்டில்லை என்று தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். கேரம் போர்டு கவிழ்ந்தது. லெட்சுமி பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். முத்துலிங்கம் காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். கடைசிக் காம்பராவில், தேயிலை ஸ்டோரில் இராவேலை பார்த்துவிட்டு வந்தவன் உள்ளே தாழ் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கதவு திறக்கவில்லை. மீனம்மா அம்மிக் குழவியை எடுத்து யன்னலை உடைத்தாள்.

அவனை இழுத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாலத்தைத் தாண்டியபோது பின்னால் மலை உறுமியது. திரும்பிப் பார்த்தாள். தேயிலை மரங்கள் நின்றபடியே கீழே இறங்கி வந்தன. தகரக் கூரை அப்பளம்போல் மடிந்தது. அப்புறம் அங்கே செம்மண்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் முத்துலிங்கம் ஆட்களை எண்ணினார். நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. அவர் மீனம்மாவிடம் வந்து கும்பிட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மீனம்மா சுவரோரம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். "இங்கிட்டு வா" என்றாள் லெட்சுமி. பேரன் அவள் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான்.

"அவரக் கெடத்தியிருந்த அன்னைக்கி, நீ இப்புடித்தான் நின்னியா?"

"ஆமா மதினி. நான் அண்ணனுக்குப் பக்கத்து நிரையிலதான் நின்னேன். குளவி கலைஞ்சு வர்றதப் பாத்து அவருதான் 'ஓடு புள்ள, ஓடு'ன்னு என்னயத் தள்ளிவிட்டாரு. நான் ஓடிட்டேன். அவரால முடியல." மீனம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "கடைசியா அவரு பேசுனது அதுதான். ஒங்ககிட்ட அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல விடல, இந்த மொகம்."

புருஷன் கடைசியாக என்ன சொன்னான் என்று இத்தனை வருஷமும் லெட்சுமி கேட்காத தெய்வமில்லை. பதில் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. அவள் வாய்விட்டு அழுதாள்.

அதைப் பார்த்ததும் மீனம்மாவின் கன்னங்கள் மறுபடி இழுபட்டன. அவசரமாகக் கையால் வாயை மறைக்கப் போனாள். லெட்சுமி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"மறைக்காத மீனா" என்றாள். "எனக்குத் தெரியும்."