நாலு பேருக்கான இறைச்சிப் பை

புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தால் நளீர் நேரே நிஸாரின் இறைச்சிக் கடைக்குத்தான் போவார். அரைக் கிலோ மாட்டிறைச்சி, மெஷினில் இரண்டு தரம் அரைத்தது. பன்னிரண்டு வருசமாக அதே கிழமை, அதே நிறை. தண்ணீரூற்று என்ற ஊரில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் சின்னக் கடை அவருடையது. மற்ற நாட்களில் பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுகை வரைக்கும் திறந்திருக்கும் கடையைப் புதன்கிழமையில் மட்டும் வேளைக்கே பூட்டிவிடுவார். காற்றுப் போன சைக்கிளோடு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார்கள். வியாபாரம் தெரியாத மனுசன் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதைத்துவிட்டுப் போகட்டும். கடையை விடப் பெரிய அலுவல் அவருக்குப் புதன்கிழமையில் இருந்தது.

அலுவல் இதுதான். இறைச்சியை வெங்காயம், உள்ளிப்பூண்டு, மிளகோடு வதக்கி, உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து, கோதுமை மாவை ரொட்டிபோலத் தட்டித் தட்டில் விரித்து, நடுவில் இறைச்சியை வைத்து, மேலே இன்னொரு மாத்தட்டால் மூடிச் சுடுவது. இங்கிலீசில் சொல்வதுபோலப் பை என்றுதான் வீட்டில் பெயர். அதைச் செய்யத் தொடங்கும்போது புத்தளத்தில் இருக்கும் மனைவி உம்மு ஹானிக்குப் போன் எடுத்து, எப்படிச் செய்வது என்று கேட்பார்.

"ஹானி, வெங்காயம் முதலிலயோ, இறைச்சி முதலிலயோ?"

"எத்தின தரம் சொல்லிப்போட்டன். வெங்காயம். அது பொன்னிறமா வந்தாப் பிறகு உள்ளி, இஞ்சி. அதுக்குப் பிறகுதான் இறைச்சி."

"உப்பு?"

"இப்ப போடாதேங்கோ. தண்ணி விட்டிடும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நளீருக்கு அந்தப் பை தலைகீழாகத் தெரியும். முதல் மூன்று மாதம்தான் மாவு கல்லாக வந்ததும் இறைச்சி அடிப்பிடித்ததும். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் செய்வார். ஆனால் சும்மா போன் எடுத்தால் கதை இரண்டு நிமிசத்தில் முடிந்துவிடுகிறதே. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டன், மழையோ, இல்லை, சரி வைக்கிறன். ஒரு பை சுட்டு முடிக்க ஒன்றேகால் மணித்தியாலம் போகும். அவ்வளவு நேரமும் ஹானி போனில் நிற்பார். அதற்காகப் பன்னிரண்டு வருசம் ஒன்றும் தெரியாத மொக்கனாக இருப்பது பெரிய காரியமில்லை.

பதினெட்டு வயதில், தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, ஊர்ச் சனத்தோடு சனமாகக் கையில் ஒரு மூட்டையோடு வெளிக்கிட்டவர் நளீர். புத்தளம் பக்கம் அகதி முகாமின் கிடுகு ஓலைக் கொட்டிலில் வாழ்ந்து, அங்கேயே மன்னார்ப் பக்கத்துப் பெட்டை உம்மு ஹானியைக் கலியாணம் முடித்து, ஸஹீலா, ஷிபா என்று இரண்டு பெண் பிள்ளைகளுக்கு வாப்பாவானார். நிவாரண மாவில் ரொட்டி சுட்டுச் சுட்டு அலுத்துப்போன ஹானி, முகாமில் நடந்த சமையல் வகுப்பொன்றில் இந்தப் பையைக் கற்றுக்கொண்டு வந்தார். சுடுவதற்குப் போறணை அடுப்புக் கிடையாது. தடித்த சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேலே தேங்காய்ச் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டுச் சுடுவார். முகாமில் மாடு அறுப்பது புதன்கிழமை. பெரிய சஹன் தட்டின் நடுவில் பையை வைத்துவிட்டு நாலு பேரும் சுற்றி இருப்பார்கள். அவரவர் தனக்கு முன்னால் உள்ள பக்கத்தைத்தான் உண்ண வேண்டும், மற்றவர் பக்கம் கை போகக்கூடாது. கடைக்குட்டி ஷிபாவின் கை மட்டும் எப்படியும் வாப்பாவின் பக்கம் வந்துவிடும்.

சண்டை முடிந்து ஊரில் மீளக் குடியேறலாம் என்று வந்தபோது நளீர் ஒற்றையாளாகத் தண்ணீரூற்றுக்கு வந்து தன் வாப்பாவின் காணியில் பற்றை வெட்டினார். கிணற்றை இறைத்தார். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. குடும்பம் பின்னால் வரும் என்பதுதான் பேச்சு. முதலில் ஸஹீலாவின் ஓஎல் சோதனை குறுக்கே வந்தது. பிறகு ஹானியின் உம்மா படுக்கையில் விழுந்தார். அவர் மௌத்தான பிறகு ஸஹீலாவின் கலியாணம், அதன் பிறகு பிள்ளைப்பேறு, பிறகு ஷிபாவின் ஏஎல் சோதனை. ஒன்றிலும் பொய் இல்லை. ஆனால் நியாயமான காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றால் ஒரு மனுசனுடைய பன்னிரண்டு வருசத்தை விழுங்கிவிடும் என்று அவருக்கு ஆரும் சொல்லித் தரவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டோடு சேர்த்து ஒரு குசினி கட்டினார். அடுப்பு மேடையை மேசன் வழமையான உயரத்துக்கு எழுப்பப் போக, நளீர் தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டி, "இவ்வளவுதான், அவா கட்டை," என்றார். மேடை ஹானியின் உயரத்துக்கு வந்தது. அதில் நளீர் குனிந்து சமைக்கிறார். புதன்கிழமை முடிந்து வியாழன் காலையில் இடுப்பில் நாரி பிடிக்கும். அதைப் போனில் ஒருநாளும் சொன்னதில்லை.

பக்கத்து வளவு செல்வநாயகம் நல்ல மனுசன், வயல்காரர், மனைவி அருந்ததி கைராசிக்காரி. மற்ற நாட்களில் நளீரின் மீன்குழம்பு வேலி தாண்டிப் போகும், அங்கிருந்து கத்தரிக்காய்ப் பால்கறி திரும்பி வரும். புதன்கிழமையில் ஒன்றும் போகாது, வராது. அந்த வீட்டில் மாட்டிறைச்சி சேராது, இவருக்கும் அது தெரியும், இதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனாலும் நாலு பேருக்கான பையைச் சஹனில் வைத்துக்கொண்டு தன் பக்கத்துக் கால்வாசியை மட்டும் தின்றுவிட்டு, மிச்சம் மூன்று பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருப்பது தனிமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

போன மாதம் ஷிபாவின் ஏஎல் முடிந்தது. நளீர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். காரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. முன்னறைக்கு வெள்ளை அடித்தார். அலுமாரியில் தன் சறங்களை ஒரு தட்டுக்கு ஒதுக்கிவிட்டு மூன்று தட்டுகளை வெறுமையாக்கினார். "எப்ப வாறீங்கள்?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம்.

அடுத்த புதன்கிழமை, இறைச்சிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தபோது, அதற்கு முதலே வாட்ஸ்அப்பில் ஒன்று வந்து கிடந்தது. ஷிபாவின் குரல்.

"வாப்பா, உம்மாட பையை முழுக்க வீடியோ எடுத்திருக்கிறன். அளவெல்லாம் எழுத்தில போட்டிருக்கு. இனி ஒவ்வொரு கிழமையும் நீங்க கேட்டுக் கேட்டுக் கஷ்டப்படத் தேவையில்ல."

நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளையின் மேல் நளீருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குந்தியிருந்து வீடியோவைப் பார்த்தார். ஹானியின் கைகள்தான் தெரிந்தன. வெங்காயம், உள்ளி, இறைச்சி, ஒரு கரண்டி மா. மூடிய மாவின் மேல் முள்ளுக்கரண்டியால் குத்திவிட்டு, முட்டையைத் தடவி, தட்டைத் தூக்கிக்கொண்டு ஹானி திரும்பினார். அங்கே மணலும் இல்லை, தணலும் இல்லை. ஒரு ஓவன் இருந்தது. கறுப்புக் கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு வெளிச்சம்.

நளீர் அந்த இடத்தை மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். ஓவன் மேசையில் இருந்திருந்தால் ஒன்றுமில்லை, துணியில் சுற்றி வாடகை வான் ஒன்றில் ஏற்றிவிடலாம். இது சுவரை வெட்டி, அளவெடுத்து உள்ளே வைத்து, சுற்றிவரப் பூப்போட்ட டைல் பதித்திருந்தது. வீடு மாறப்போகிறவர்கள் சுவரை வெட்டுவதில்லை. குசினி கட்டினவருக்கு இது விளங்காமல் போகுமா?

மஹ்ரிப் தொழுதுவிட்டு வந்து, போன் எடுக்காமலேயே பையைச் செய்யத் தொடங்கினார். முதல் தடவையாகச் சத்தமே இல்லாத குசினி. சட்டியை அடுப்பில் ஏற்றிய பிறகு பொறுக்க முடியவில்லை. எடுத்தார். முதல் மணியிலேயே ஹானி தூக்கினார்.

"வீடியோ வந்தது," என்றார் நளீர். "அது ஓவனுக்குத்தானே. என்ர அடுப்புக்கு எப்பிடி?"

மறுபக்கத்தில் ஹானி கையிலிருந்த எதையோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப வாங்கினது?"

"நோன்புக்கு முதல்."

"சொல்லயில்லையே ஹானி."

"சொன்னா நீங்க கேப்பீங்கள் எண்டு தெரியும்."

"இப்ப கேக்கிறன். வாறியோ?"

ஹானி அழவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "இல்ல. நான் வரமாட்டன். அந்த ஊரில எனக்கு ஒருத்தரையும் தெரியாது, அது உங்கட ஊர். உம்மாட கபுறு இஞ்ச, ஸஹீலாவும் பிள்ளையும் இஞ்ச, நான் படிப்பிக்கிற பாலர் பள்ளி இஞ்ச. கடையப் பூட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ எண்டு நான் உங்களை ஒருநாளாவது கேட்டனானோ? கேக்கயில்ல. அந்த மண்ணை விட்டா நீங்க நீங்களா இருக்கமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். எனக்கும் அப்பிடித்தான்."

"ஓம்," என்றார் நளீர். பன்னிரண்டு வருசத்துக்குச் சேர்த்து அந்த ஒரு ஓம்தான் வாயில் வந்தது.

"ஆனா புதன்கிழமை எடுக்காம விட்டிராதேங்கோ," என்றார் ஹானி. "உங்களுக்குச் செய்யத் தெரியும் எண்டது எனக்குக் கனகாலமாத் தெரியும். நான் வெங்காயம் எண்டு சொல்லி முடிய முதலே அங்க வதங்கிற சத்தம் கேக்கும். தெரியாத மாதிரியே கேளுங்கோ. நான் சொல்லித்தாறன்."

போனில் கதை முடிந்து பார்த்தால், மூடிக்கு மேலே தணல் போட நளீர் மறந்துவிட்டிருந்தார். பை அடியில் கருகி, மேலே பச்சை மாவாகக் கிடந்தது. அந்த முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர் உண்மையிலேயே பிழைவிட்டார். அன்றைக்குப் பாணும் சம்பலும்தான்.

ஒரு கிழமை போனது. வெள்ளை அடித்த அறையைத் திறந்து பார்க்கவில்லை. ஒதுக்கி வைத்த சறங்களைத் திருப்பி அலுமாரியின் நாலு தட்டிலும் பரப்பினார். புதன்கிழமை அஸர் முடிந்து நிஸாரின் கடைக்குப் போக, நிஸார் கேட்காமலே அரைக் கிலோவைத் தராசில் போட்டார்.

"கால் கிலோ போதும்," என்றார் நளீர்.

நிஸார் கத்தியோடு நிமிர்ந்தார். "ஏன் காக்கா, சுகமில்லையோ?"

"சுகம்தான். கால் கிலோ."

கால் கிலோவுக்குக் குறைந்தால் மெஷினில் அரைபடாது. நிஸார் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு தரம் அரைத்துக் கட்டிக் கொடுத்தார். நளீர் வீட்டுக்கு வந்து வெங்காயத்தை வெட்டினார், தேங்காய்ச் சிரட்டையை உடைத்தார், மாப் போத்தலைத் திறந்தார். கரண்டியை உள்ளே விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு போனை எடுத்தார்.

"ஹானி, கால் கிலோ இறைச்சிக்கு மா எவ்வளவு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்கு உண்மையாகவே விடை தெரியாது.

"கால் கிலோவோ?"

"ஓம். ஒரு ஆளுக்கு."

புத்தளத்தில் எங்கோ தூரத்தில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"எனக்கும் தெரியாது," என்றார் ஹானி. "ஒரு ஆளுக்கு நான் ஒருநாளும் செய்யயில்லை."