கடைசி ஆறு பக்கங்கள்

பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கிழிசல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அங்கே ஒரே விதி. நான் சொல்லவில்லை. வாங்கும்போதே கடைசி ஆறு பக்கங்கள் இல்லாதிருந்த ஒரு நாவலின் அட்டையை மட்டும் அழகாகப் படமெடுத்துப் போட்டேன். கந்தர்வக்கோட்டையில் முந்திரி உடைக்கும் பெண் ஒருவர், புதிதுபோல் இருந்த தன் புத்தகத்தை எனக்கு அனுப்பிவிட்டு அந்த நாவலை வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். குழுவில் மானம் போகப்போகிறது என்ற பயத்தோடுதான் எடுத்தேன்.

"அக்கா, கடைசிப் பக்கமெல்லாம் இல்லையே, பாத்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்மா. தெரிஞ்சேதான் அனுப்புனேன்."

அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப ஒங்களுக்கும் முடிவு தெரியாதுல்ல? இங்கிட்டு லைப்ரரில அதே புத்தகம் கெடச்சுச்சு. கைப்பட எழுதி ஒட்டிக்கிட்டேன். ஒங்களுக்கும் ஒண்ணு எழுதி தபால்ல போட்டிருக்கேன். படிச்சுட்டுச் சொல்லுங்க."

கீரமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்த அந்த நோட்டுத் தாள்களின் ஓரமெல்லாம் முந்திரிக் கொட்டையின் எண்ணெய் படிந்த விரல் தடங்கள். கதை நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது.

இப்போதெல்லாம் குழுவில் எதைப் போட்டாலும் கிழிசலைத்தான் முதலில் படமெடுக்கிறேன். அலமாரியில் உள்ள எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் மாற்றிக்கொள்வேன். அந்தத் தாள்களை மட்டும் யாருக்கும் தருவதாக இல்லை.