எஸ்னாட்டின் மாவு மில்லும் நகரமன்றத்தின் உதவியும்

எஸ்னாட் சிபாஷாவை விட்டுவிட்டுப் புருஷன் இன்னொருத்தியோடு லுவாபுலா பக்கம் போனபோது, பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டான். பழைய மோட்டார் ஒன்று கனமாக இருந்ததால் விட்டுப்போனான். அந்த மோட்டாரை வைத்துத்தான் எஸ்னாட் எங்கள் குடியிருப்பில் மாவு மில் போட்டார். பதினெட்டு வருடம் சிபோம்பேயில் எந்த வீட்டு ந்ஷிமாக் களியும் அவர் அரைத்துக் கொடுத்த சோளமாவில் கிண்டியதுதான். மூத்த மகள் பெயரைச் சேர்த்து, பானா முவாப்பே, அதாவது முவாப்பேயின் அம்மா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

மெக்கானிக் யாரையும் அவர் கூப்பிட்டதில்லை. மில்லுக்குள் சோளத்தை அடித்து நொறுக்கும் இரும்புச் சுத்திகள் ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடுவார். சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போவதைச் சொல்லிவிடுவார்.

மழை பொய்த்த வருடம் அணையில் தண்ணீர் இறங்கியது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் கரன்ட் வந்தது, அதற்கும் கட்டணம் ஏற்றிவிட்டார்கள். எஸ்னாட் டீசல் இன்ஜின் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். டீசலும் ஏறியது. வேறு வழியில்லாமல் அரவைக் கூலியைக் கொஞ்சம் கூட்டினார். வரிசையில் நின்ற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"பானா முவாப்பே, சோளத்த அரைக்கிறியா, எங்கள அரைக்கிறியா?"

"உங்கள அரைச்சா தவிடுதாண்டி வரும். வாளிய நகர்த்து."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் கூலி கொடுக்க முடியாதவர்களிடம் ஒரு கைப்பிடி மாவு எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்.

அப்போதுதான் விலைவாசியால் நொடித்த சிறுதொழில்களுக்கு நகரமன்றம் உதவப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எஸ்னாட் என்னைத் தேடி வந்தார். நான் இங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியன்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். எத்தனை வீடுகள் அரைக்க வருகின்றன, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த மாதத்தில் கூட்டம் அதிகம், எத்தனை சூரியத் தகடு இருந்தால் மில் ஓடும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியில், "பிள்ளை பசியோட தூங்கப் போகாத குடியிருப்பு எங்களோடதுன்னு எழுதுங்க, வாத்தியாரே" என்றார். அதையும் எழுதினேன். நல்ல வாக்கியம் என்று எனக்கே தோன்றியது.

நகரமன்ற அதிகாரி ஒரு பெண் வந்தார். மில்லைப் படம் எடுத்தார், மனுவைப் பாராட்டினார். "இவ்வளவு விவரமா யாருமே குடுக்கலம்மா" என்றார். எஸ்னாட் அவருக்கு நிலக்கடலை வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து லாரி வந்தது, சூரியத் தகடுகளோடும் புது மில்லோடும். எஸ்னாட் வாசலைப் பெருக்கி, கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். லாரி அவர் வாசலைத் தாண்டிப் போய், எதிரே கவுன்சிலர் சில்வாம்பாவின் மதுக்கடையை ஒட்டிய மனையில் நின்றது. அங்கே கூட்டுறவுக் குழு என்று பலகை வைத்தார்கள். குழுவில் பத்துப் பேர். தலைவி, கவுன்சிலரின் மைத்துனி. அந்தப் பத்துப் பேரில் மில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

திறப்புவிழாவில் கவுன்சிலர் ஒரு தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் படித்தார். எத்தனை வீடுகள், எவ்வளவு தூரம், எந்த மாதம். பிறகு, "பிள்ளை பசியோடு தூங்கப் போகாத குடியிருப்பு எங்களுடையது" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற எஸ்னாட்டுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் எண்கள் புரியும்.

கூட்டம் கலைந்ததும் நேரே கவுன்சிலரிடம் போனார்.

"ஐயா, அது என் மனு."

"மனு யாரோடதா இருந்தா என்னம்மா, மாவு எல்லாருக்கும்தானே. தனி ஆளுக்குக் குடுக்க சட்டம் இல்ல. பத்துப் பேர் சேர்ந்து வரணும்."

"பதினெட்டு வருஷமா பத்துப் பேர் வேலைய ஒருத்தியா பாத்தேன். அது சேராதா?"

கவுன்சிலர் சிரித்துவிட்டு, மதுக்கடைப் பக்கம் திரும்பி எஸ்னாட்டுக்கு ஒரு ஃபாண்டா கொடுக்கச் சொன்னார். அவர் வாங்கவில்லை.

எதிர் மில்லில் கூலி பாதி. சூரியனுக்குக் கட்டணம் கிடையாதே. முதல் வாரமே எஸ்னாட்டின் வரிசை காலி. என் வீட்டுச் சோளத்தையும் என் மனைவி அங்கேதான் கொண்டுபோனாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் ரோஷம் காட்ட முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஸ்னாட் தன் வாசலில் உட்கார்ந்து, தெருவைக் கடக்கும் வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டு நீல வாளி அவருக்குத் தெரியாததல்ல.

மூன்றாம் மாதம் மோட்டாரை ஒரு பண்ணைக்காரருக்கு விற்றார். அதற்கு மறுவாரம் எதிர் மில்லில் கூலி ஏறியது. முதலில் எஸ்னாட் வாங்கிய அளவுக்கு, பிறகு அதற்கும் மேலே. இப்போது யாரும் கிண்டல் செய்யவில்லை. மைத்துனியிடம் கிண்டல் பேச யாருக்கும் துணிவில்லை.

மழைக்காலத்தில் சோளத்தோடு ஒரு இரும்புத் துண்டு உள்ளே போய்ச் சல்லடை கிழிந்தது. சுத்திகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தன. நகரமன்றத்துக்கு எழுதினார்கள். ஒன்பது நாள் மில் பூட்டிக் கிடந்தது. பெண்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு, தலையில் வாளியோடு ரயில்பாதை தாண்டி நடந்தார்கள். பத்தாம் நாள் மைத்துனி எஸ்னாட்டின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அவர் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். போனார். ஒரே மத்தியானத்தில் சரிசெய்தார். மாதச் சம்பளத்துக்கு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

"எப்படிம்மா போனீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற எங்க போறது? கடைசிப் பொண்ணு காலேஜ்ல படிக்கிறா. இரும்பத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

வருடக் கடைசியில் நகரமன்றம் ஒரு நாட்காட்டி அச்சடித்தது. மார்ச் மாதப் பக்கத்தில், முகமெல்லாம் மாவாக, மில்லின் பக்கத்தில் எஸ்னாட் நிற்கிறார். கீழே, 'நகரமன்ற உதவியால் தலைநிமிர்ந்த சிறுதொழில்முனைவோர்' என்று போட்டிருந்தது. அந்த நாட்காட்டி எங்கள் பள்ளி அலுவலகத்திலும் மாட்டப்பட்டது. அப்போது அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை.

இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். கைப்பிடி மாவுக்கு அரைத்துக் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர் வேலைதான். போன சனிக்கிழமை நானே சோளம் கொண்டுபோனேன். ஏதாவது பேச வேண்டும் என்று, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "வாளிய அங்க வைங்க, வாத்தியாரே. முதல்ல சீட்டு வாங்கிட்டு வாங்க" என்றார்.