பம்பாய்–லண்டன் நாலரை மணி நேரம்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் ஒரு டிக்கெட் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். ரயில் டிக்கெட்தான் அதிகம். ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக விமான டைம்டேபிள் புத்தகம் ஒன்றும் வைத்திருந்தோம். அதைப் பார்க்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாத்திரக்கடை கரீம் பாய், லண்டனில் பிரசவித்திருந்த மகளைப் பார்க்கக் கிளம்பினார். சர்க்கரை வியாதிக்காக தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

"ஏம்மா, பம்பாய்ல ஏறினா எத்தினி மணி நேரம் ஆவும்? டாக்டர் கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

டைம்டேபிளில் காலை ஏழுக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்கு லண்டன். கழித்துப் பார்த்தேன். "நாலரை மணி நேரம் பாய்."

டாக்டர் அதை நம்பித்தான் எழுதிக்கொடுத்தார்: ஏறும் முன் ஊசியும் நாஷ்டாவும், அடுத்த சாப்பாடு மகள் வீட்டில். ஹலாலா இல்லையா என்று தெரியாததால், விமானத்துச் சாப்பாட்டை பாய் தொடமாட்டார்.

அவர் மெட்ராஸ் போன மறுநாள், அவருடைய திரும்பும் டிக்கெட் விவரத்தை ரிஜிஸ்டரில் எழுதினேன். லண்டனில் காலை பத்துக்குப் புறப்பாடு, பம்பாயில் இரவு பன்னிரண்டரைக்கு வருகை. பதினாலரை மணி நேரம். அதே தூரத்துக்குப் போக நாலரை, வர பதினாலரையா?

டைம்டேபிள் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தை அப்போதுதான் படித்தேன். எல்லாம் அந்தந்த ஊர் நேரம். லண்டன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அப்படியானால் போவதற்குப் பத்து மணி நேரம். மெட்ராஸ்–டெல்லி ஆயிரம் மைலுக்கே இரண்டரை மணி ஆகும். லண்டனோ நாலாயிரத்து ஐந்நூறு மைல். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

முதலாளி நடேசனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மொதல்ல டாக்டர்கிட்ட போ. நான் ட்ரங்க் கால் புக் பண்ணி வெக்கிறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊசி போட்டுட்டு பத்து மணி நேரம் பட்டினி கெடந்தா மயங்கிடுவாரும்மா. நடுவானத்துல யார் பாக்கறது?" வேறு தாளில் புதிதாக எழுதிக்கொடுத்தார்.

பாய் தங்கியிருந்தது திருவல்லிக்கேணியில், மச்சான் வீட்டில். அன்று மாலை ஐந்து மணிக்குப் பம்பாய் விமானத்துக்காக ஏர்போர்ட் கிளம்பிவிடுவார். அர்ஜென்ட் கால் என்று புக் பண்ணியும் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நாலேகாலுக்கு போன் மணி அடித்தது.

"பாய், நான் தப்பா சொல்லிட்டேன். நாலரை இல்ல, பத்து மணி நேரம். தப்பு என்னுதுதாங்க."

"பத்தா?" என்றார்.

"சப்பாத்தி, வாழப்பழம், கொஞ்சம் சக்கர எடுத்துக்குங்க. எறங்குற வரைக்கும் வாட்ச்ச மாத்தாதீங்க. நம்ம ஊர் மணி பன்னெண்டுக்கு சாப்டுங்க. மூணு மணிக்கு மறுபடியும். கை நடுங்கினா ஒடனே சக்கர."

"செரி, இப்பவே சுடச் சொல்றேன். நீ சாப்ட்டியாம்மா?"

நான் சாப்பிடவில்லை. அவர் கேட்டதும்தான் அழுகை வந்தது.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நம்ம ஊர் மணி பதினொன்றரைக்கே கை நடுங்கியதாம். சர்க்கரையை வாயில் போட்டு, சப்பாத்தியும் சாப்பிட்டதும் சரியாகிவிட்டதாம். மீதிக் கடிதம் முழுக்கப் பேரனைப் பற்றித்தான். நடேசன் அதை வாய்விட்டுப் படித்தார்.

அதன்பின் நான் கொடுத்த ஒவ்வொரு டிக்கெட் உறையிலும், பயண நேரத்தைச் சிவப்பு மையில் தனியாக எழுதினேன். வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடமும் இதையே சொன்னேன்: போகும் நேரத்தைக் கணக்குப் போட்டால் வரும் நேரத்தையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் வாயைத் திறக்காதீர்கள். தப்பாகத் திறந்துவிட்டீர்களா, சம்பந்தப்பட்டவர் லைனில் வரும்வரை போனை விட்டு நகராதீர்கள்.