சிவப்பு மை வட்டம்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'முத்திரை அக்கா' என்றே கூப்பிட்டார்கள். உள்ளே வரும் எந்தக் கடிதமும் முதலில் அவள் மேஜைக்குத்தான் வரும். முத்திரை குத்துவாள், பதிவேட்டில் ஏற்றுவாள், ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் சிவப்பு மையில் பக்க எண் எழுதி அதைச் சுற்றி வட்டம் போடுவாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வட்டமில்லாத தாளைக் கண்டால் கை அரிக்கும்.

அவளுடைய அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை அதே ஆஸ்பத்திரியில் இலவசமாக ரத்தம் சுத்தம் செய்வார்கள். ஒருநாள் சுத்தம் முடிந்ததும் அவர் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "ரத்தம் சுத்தம் பண்ண எனக்கு மாட்டின ஃபில்டர்ல வேற யாரு பேரோ எழுதி அழிச்சிருக்கு பாப்பா."

ஆளுக்கொன்று புதிதாக வாங்குவதாகச் சொல்லும் காகிதங்களுக்கு மாதாமாதம் முத்திரை குத்துபவளே அவள்தான்.

உள்ளூர் லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை. அங்கே போகும் புகார்கள் சுற்றிக்கொண்டு தன் மேஜைக்கே வருவதைப் பார்த்தவள். அதனால் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்களை நன்கொடையாகத் தந்த உலக அமைப்புக்கே அனுப்பினாள். மூன்று பக்கம், தட்டச்சில், பெயரில்லாமல்.

ஐந்து மாதம் கழித்துத் தடித்த உறை ஒன்று வந்தது. பிரித்தாள். உலக அமைப்பு தலைநகர ஆணையத்துக்கு, ஆணையம் உள்ளூர் அலுவலகத்துக்கு, உள்ளூர் அலுவலகம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு. மூன்று கடிதமும் ஒரே பாட்டு: 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்.' அடியில் அவள் அனுப்பிய அதே தாள்கள். வலது மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று. சிவப்பு மை, அழகான வட்டம்.

கிழித்துப் போட முடியாது. மூன்று அலுவலகத்தின் எண்கள் ஏறிவிட்டன. நான்காவது முத்திரையை அவளே குத்தினாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. எழுதினவன் கெட்டிக்காரன், பேரு போடல. ஆனா பக்க எண்ணைப் பாருங்க. காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி."

அவள் சிவப்பு மை படிந்த விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"இத விசாரிக்க மேலிடத்துல நேர்மைக் குழு ஒண்ணு போடச் சொல்றாங்க. ஊழியர் தரப்புல ஒருத்தர் வேணும். உங்கள விட்டா யாரு?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா."

"தெரியறதுக்கு என்ன இருக்கு, ஒரு கையெழுத்துதான். அண்ணனுக்கு அடுத்த முறை வியாழக்கிழமைதானே? நாப்பத்தாறு பேரு அந்தக் கட்டிலுக்குக் காத்துட்டிருக்காங்க."

குழுவின் அறிக்கை ஏற்கெனவே தயாராக இருந்தது. 'ஃபில்டர்கள் அனைத்தும் புதியவை. புகார் உண்மைக்குப் புறம்பானது.' கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"பக்க எண் போடலியே?"

சிவப்புப் பேனாவை எடுத்துப் போட்டாள். ஒன்று. இரண்டு. வட்டம் கொஞ்சமும் கோணவில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை அண்ணன் கட்டிலில் கிடந்தார். தலைமாட்டில் இயந்திரம் ஓடியது. ஃபில்டரில் யாருடைய பெயரோ பாதி அழிந்திருந்தது.

"நீ ஏதோ நேர்மைக் குழுவுல இருக்கியாமே," என்றார் பெருமையாக. "இந்த ஃபில்டரப் பத்தி அவங்க காதுல ஒரு வார்த்தை போட்டு வையேன்."

"சொல்றேண்ணா," என்றாள். குளிர் நடுக்கம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. போர்வையை இப்போதே அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.